‘அப்பா பேசலை’ என்றொரு ஒலி

ஜூன் 3, 2025, செவ்வாய்

காலையிலிருந்து மழை. மொட்டை மாடியில் தண்ணீர் தேங்குகிறது என்று நாலாம் மாடி சுப்ரமணியன் இரண்டு தடவை போன் செய்துவிட்டார். சொசைட்டி செகரட்டரி என்றால் மழைக்கும் நான்தான் பொறுப்பு என்று நினைக்கிறார். நோட்டீஸ் ஒன்று அடித்து லிஃப்ட் பக்கத்தில் ஒட்ட வேண்டும். என் கம்ப்யூட்டரோ போன வாரமே கண்ணை மூடிவிட்டது.

“சாதனாவோட பழைய லாப்டாப் அவ ரூம்லதானே இருக்கு. அதுல அடியுங்கோளேன்” என்றாள் ஷ்யாமளா.

ஜனவரியில் சாதனா இந்த மாதுங்கா வீட்டை விட்டு, ஊரின் மறுகோடியில் சான்பாடாவுக்குக் குடிபோனதிலிருந்து நான் அந்த அறையில் உட்கார்ந்ததில்லை. பெற்ற பெண்ணின் அறைதான். ஆனாலும் கதவைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே போனேன், காலி அறைக்கு. மேஜையில் லாப்டாப், அதோடு ஒயரில் இணைத்த, ஆர்மோனியம் மாதிரி ஒரு குட்டிக் கீபோர்டு. இருபத்தைந்து கட்டைகள். திறந்ததுமே ஏதோ ஒன்று திரை முழுக்கத் தானாக விரிந்தது. எங்கு பார்த்தாலும் பழைய ரேடியோவில் இருப்பதுபோலத் திருகு குமிழ்கள், நூறாவது இருக்கும். வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு, ஒலிகளைச் செய்ய அவள் திருகிக்கொண்டிருந்த ஸிந்தஸைஸர் இதுதான். பெட்டி இல்லை, தந்தி இல்லை, எல்லாம் கம்ப்யூட்டருக்குள்ளேயே.

மூடிவிட்டு நோட்டீஸ் அடித்தேன். தேதியில் ஒரு பிழை. பேனாவால் திருத்தி, பக்கத்தில் இனிஷியல் போட்டு ஒட்டினேன். முப்பத்துநாலு வருஷம் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் க்ளெய்ம் பிரிவில் இருந்தவனுக்கு இனிஷியல் இல்லாத திருத்தம் திருத்தமே அல்ல.

ஜூன் 5, வியாழன்

ஷ்யாமளா கோவிலுக்குப் போயிருந்தபோது மறுபடி அதைத் திறந்தேன். நோட்டீஸ் எதுவும் பாக்கி இல்லை. சும்மாதான்.

இடது ஓரத்தில் ஒலிகளின் பட்டியல். அவளே செய்து வைத்தவற்றுக்குத் தனி ஃபோல்டர், பெயர் ‘வீடு’. எல்லாம் ஆங்கில எழுத்தில். தமிழ் அவளுக்கு எழுத்துக்கூட்டித்தான் வரும், அதற்கும் நான்தான் காரணம் என்று ஷ்யாமளா சொல்வாள். உள்ளே முப்பதுக்கு மேல் இருக்கின்றன. ‘மிக்ஸி காலை ஆறு மணி.’ ‘அம்மா வளை.’ ‘காந்தி மார்க்கெட் மழை.’ ‘மாதுங்கா ஸ்லோ லோக்கல்.’ ‘அப்பா வரார்.’ ‘அப்பா பேசலை.’

கடைசி இரண்டையும் தொடவில்லை. மிக்ஸியை எடுத்து ஒரு கட்டையை அழுத்தினேன். கை தானாகப் பின்வாங்கிவிட்டது. எங்கள் வீட்டு மிக்ஸியேதான். முதலில் ஒரு திணறல், பிறகு உச்சிக்கு ஏற்றம், விரலை எடுத்ததும் முனகிக்கொண்டே இறங்கி நிற்கிறது. தேங்காய்த் துண்டு பிளேடில் மாட்டிக்கொள்ளும்போது வரும் தடுமாற்றம்கூட இருந்தது.

ரெக்கார்ட் செய்து வைத்திருக்கிறாள் என்று நினைத்தேன். இல்லை. தேடிப் பார்த்துவிட்டேன், ரெக்கார்டிங் என்று எதுவும் கிடையாது. ரம்பத்தின் பல் மாதிரி ஓர் அலை, அதோடு ஒரு மயிரிழை சுருதி விலகிய இன்னொரு அலை, மேலே தூவினாற்போல் கொஞ்சம் இரைச்சல். இவ்வளவுதான் சாமான். ஒன்றுமில்லாததிலிருந்து நம் வீட்டு மிக்ஸியைச் செய்திருக்கிறாள் இந்தப் பெண்.

ஜூன் 6, வெள்ளி

ஒரு மணி நேரம் திரையில் அந்த மிக்ஸியைப் பிரித்துப் பார்த்தேன். திரும்ப மாட்டவும் செய்தேன். ஓடுகிறது.

ஜூன் 9, திங்கள்

ஒவ்வொரு குமிழின் மேலும் அம்புக்குறியை வைத்தால் கீழே ஒரு வரி விளக்கம் வருகிறது. பாலிசியின் நிபந்தனைகளைப் படிப்பதுபோல ஒன்றுவிடாமல் படித்தேன். இப்போது ஓரளவு புரிகிறது. மேலே ஆஸிலேட்டர், அலை அங்கே பிறக்கிறது. வழவழ அலை, ரம்ப அலை, சதுர அலை என்று நமக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். அடுத்தது ஃபில்டர், கூர்மையை வடிகட்டி, சத்தத்தைப் பக்கத்து அறைக்கோ போர்வைக்குள்ளேயோ கொண்டுபோய்விடலாம். அப்புறம், ஒலி எவ்வளவு நேரத்தில் எழும்ப வேண்டும், எங்கே நிற்க வேண்டும், விரலை எடுத்தபின் எத்தனை நேரம் தேய வேண்டும் என்று தீர்மானிக்கும் நாலு ஸ்லைடர்கள். இது தவிர, நம் கைக்குப் பதிலாக ஏதாவதொரு குமிழைத் தானே ஆட்டிக்கொண்டிருக்கும் மெதுவான அலை ஒன்று. மின்விசிறி சுற்றுவது, குழாய் சொட்டுவது எல்லாம் அதன் தயவு.

‘காந்தி மார்க்கெட் மழை’யைக் கேட்டேன். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் காந்தி மார்க்கெட்டில் முழங்காலுக்குத் தண்ணீர் வரவைக்கும் மழை இதுவா? இது புனே மழை. இரைச்சலைக் கூட்டினேன், ஃபில்டரைக் கொஞ்சம் இறக்கினேன். கடைகளின் தார்ப்பாயில் விழும் ஓசைக்காக அடியில் ஒரு தடித்த அலையைச் சேர்த்தேன். இப்போது சரி.

சேமித்தேன். குறிப்பு எழுத ஒரு சின்னக் கட்டம் இருந்தது. அதில் பி.கே.எம். 9/6 என்று இனிஷியலும் தேதியும் போட்டேன். கை சும்மா இருக்குமா?

ஜூன் 11, புதன்

இன்று ‘அப்பா வரார்’ கேட்டேன்.

மாடிப்படியில் இரண்டு அடிகள், ஒரு நிறுத்தம், மறுபடி இரண்டு. கனமான தட்டல், ஒவ்வொன்றும் சுருதியில் சரிந்து விழுகிறது. இடது கால் ஷூவின் கிறீச்சுகூட இருக்கிறது. கடைசியில் சாவிக்கொத்து.

நான் வருவது இவ்வளவு கனமாகவா கேட்டது?

ஷ்யாமளாவிடம் பொதுவாகக் கேட்பதுபோலக் கேட்டேன். “நீங்க ரெண்டாம் மாடி ஏறறச்சயே அவ டிவியை அணைச்சுட்டு புஸ்தகத்தை எடுத்துண்டுடுவாளே. உங்களுக்குத் தெரியாதா?” என்றாள், கீரையை ஆய்ந்துகொண்டே. எனக்குத் தெரியாது. இதில் எந்தக் குமிழையும் தொடவில்லை. தொட எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை.

ஜூன் 12, வியாழன்

‘அப்பா பேசலை’. தைரியத்தை வரவழைத்துக்கொண்டு அழுத்தினேன். ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்துக் கட்டை. ஒன்றுமில்லை. இருபத்தைந்தையும் வரிசையாகத் தட்டினேன், மௌனம். ஏதோ தொடங்கிவிட்டுப் பாதியில் விட்டிருக்கிறாள், காலி ஃபைல்.

உண்மையைச் சொன்னால் நிம்மதியாக இருந்தது.

காலியாகக் கிடப்பானேன் என்று சரிசெய்தேன். எழும்பும் நேரம் பதினாலு விநாடி என்று தப்பாக இருந்தது, அதைப் பூஜ்யமாக்கினேன். ஃபில்டரை முழுக்கத் திறந்தேன். ஒலியளவை ஏற்றினேன். உடனே எருமை கத்துவதுபோலக் கத்தியது. போகட்டும், சத்தமாவது வருகிறதே. சேமித்து இனிஷியல் போட்டேன். மற்றவற்றுக்கெல்லாம் பழைய எண்களை ஒரு தாளில் குறித்து வைப்பேன். இது காலிதானே என்று குறிக்கவில்லை.

ஜூன் 14, சனி

போன டிசம்பர் 31 விஷயத்தை இதுவரை இங்கே எழுதியதில்லை. எழுதிவிடுகிறேன்.

நான் ரிட்டையர் ஆன நாள். வீட்டில் சாப்பாடு, இருபது பேர். பாயசம் ஆனபின் சாதனா ஸ்பீக்கரை எடுத்து வைத்து, “அப்பாவுக்காக நான் பண்ணினது” என்று ஒன்றைப் போட்டாள். ஏழு நிமிடம். பாட்டு இல்லை, தாளம் இல்லை. உறுமல், இரைச்சல், நடுநடுவே இடைவெளி. எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. முடிந்ததும் நான் சொன்னேன்: “எங்காத்து மிக்ஸி இதைவிட சுருதி சுத்தமா பாடும்.”

இருபது பேரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள் என்றே இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். ஜனவரி பத்தாம் தேதி பெட்டியோடு கிளம்பினாள். பார்த்துக்கொண்டிருந்த பேங்க் வேலையையும் அதற்குள் விட்டாகிவிட்டது. வேலையை விட்டதற்காகத்தான் நான் பேசாமல் இருக்கிறேன் என்று எல்லாரிடமும் சொன்னேன். அது கௌரவமான காரணமாகத் தெரிந்தது.

அந்த ஏழு நிமிடத்தில் மிக்ஸி இருந்தது. இப்போதுதான் தெரிகிறது. மழையும் படிக்கட்டும் இருந்தன. வீட்டையே எனக்கு வாசித்துக் காட்டியிருக்கிறாள், நான் எதைச் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன் பார்.

ஜூன் 21, சனி

சனிக்கிழமை ஷ்யாமளா சான்பாடா போகும் நாள். மிளகூட்டான், வத்தக்குழம்பு, இரண்டு டப்பா. திரும்பி வந்து தானாகவே சொன்னாள்: சாதனாவுக்கு ஒரு வெப் சீரிஸ் கிடைத்திருக்கிறதாம். எட்டு எபிசோட், பின்னணி ஒலி முழுக்க இவள். கடைசி எபிசோடை ஜூலை 18-க்குள் கொடுக்க வேண்டுமாம். முதல் பெரிய வேலை.

“நீங்க ஒரு வார்த்தை பேசினா என்ன?”

“அவளே கூப்பிட்டுச் சொல்லட்டுமே.”

“ரெண்டு பேரும் ஒரே அச்சு” என்று டப்பாவைக் கழுவப் போனாள். அங்கிருந்தே கேட்டாள்: “தினம் கார்த்தாலேர்ந்து அந்த ரூம்ல என்ன பண்ணிண்டிருக்கேள்?”

“நோட்டீஸ்.”

“நாலு மாடிக் கட்டடத்துக்கு எத்தனை நோட்டீஸ்?”

ஜூன் 28, சனி

இந்த ஸிந்தஸைஸரின் கையேடு இருநூற்றுப் பதினாலு பக்கம். முழுக்கப் படித்து முடித்தேன். இதைச் செய்தவர்களே முழுக்கப் படித்திருக்க மாட்டார்கள். இதுவரை பதினொரு ஒலிகளைத் திருத்தியிருக்கிறேன். ஸ்லோ லோக்கல் ரயிலின் பிரேக்கை நான் சரிசெய்த விதத்தைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

‘அம்மா வளை’யை மட்டும் திருத்தவில்லை, திருத்த ஒன்றுமில்லை. ஓர் அலையால் இன்னோர் அலையை உலுக்கினால் உலோகமும் கண்ணாடியும் பிறக்கின்றன, அப்படிச் செய்திருக்கிறாள். ஷ்யாமளாவைக் கூப்பிட்டுக் கேட்க வைத்தேன். கரண்டியோடு வந்து நின்றாள்.

“இது இப்போ போட்டுண்டிருக்கற வளை இல்லை” என்றாள். “அவ ஸ்கூல் போறச்ச தலை பின்னி விடுவேனே, அப்போ போட்டுண்டிருந்தது. பச்சை. உடைஞ்சு எத்தனை வருஷமாச்சு.” இன்னொரு தடவை போடச் சொன்னாள். பிறகு என்னையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தாள். “இதுதான் நோட்டீஸா? இதை அவகிட்ட சொல்லுங்கோ.”

சொல்லலாம் என்றேன். போனைக் கையில் எடுத்தேன். வைத்துவிட்டேன். எங்கிருந்து ஆரம்பிப்பது?

ஜூலை 2, புதன்

இன்றும் சொல்லவில்லை.

ஜூலை 14, திங்கள்

மத்தியானம் சாதனா போன் செய்தாள், ஷ்யாமளாவுக்கு. அழுகை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கே கேட்டது.

அந்தேரி ஸ்டூடியோவில் டைரக்டரோடு உட்கார்ந்து கடைசி எபிசோடைப் பார்த்திருக்கிறார்கள். ஒருவன் காரியம் எல்லாம் முடித்துவிட்டு மனைவி இல்லாத வீட்டுக்குள் தனியாக வந்து உட்காரும் காட்சி. அதற்கு அவள் மனதில் வைத்திருந்தது ‘அப்பா பேசலை’தான். காட்சி ஓட ஓட அதைத் திறந்து கட்டையை அழுத்தியிருக்கிறாள். என் எருமை கத்தியிருக்கிறது. நாலு பேர் காதைப் பொத்திக்கொண்டார்களாம். டைரக்டர், வெள்ளிக்கிழமைக்குள் இந்தக் காட்சி சரியாகாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்றாராம். அவள் திரையில் பார்த்தால், குறிப்புக் கட்டத்தில் பி.கே.எம். 12/6.

இங்கே சேமித்தது அங்கே எப்படிப் போயிற்று? அந்த ஃபோல்டர் இரண்டு இடத்திலும் ஒன்றேதானாம். இந்த லாப்டாப்பில் நான் எதைச் சேமித்தாலும் அடுத்த நிமிடம் சான்பாடாவிலும் அதுதான். எனக்கு என்ன தெரியும். சேமித்தால் பெட்டிக்குள் இருக்கும் என்றுதானே நினைச்சேன். யார் கேட்டா என்னை அதுல கை வைக்கச் சொல்லி? காலின்னு யார் சொன்னா?

“என்ன சொன்னா என்னைப் பத்தி?” என்று ஷ்யாமளாவைக் கேட்டேன்.

“ஒண்ணும் சொல்லலை. ‘அப்பா பண்ணினது’ன்னா. அவ்ளோதான்.”

ஜூலை 15, செவ்வாய்

காலையில் ஜாக்குலின் போன் செய்தாள். சாதனாவோடு அறையைப் பகிர்ந்துகொள்ளும் பெண். தாராவிக்காரி, வாஷியில் ஓர் ஆஸ்பத்திரி லேபில் வேலை. இதற்குமுன் ஒரு முறைதான் பார்த்திருக்கிறேன்.

“அங்கிள், மாத்துனதுக்கு முந்தி இருந்தத முப்பது நாளு வரைக்கும் திருப்பி எடுக்கலாமாம். கணக்குப் பாத்தோம், முப்பத்திமூணு நாளாயிட்டு.”

அவளே மேலே சொன்னாள்: “இன்னொண்ணு அங்கிள். நான் சொன்னேன்னு அவகிட்ட சொல்லிராதீங்க. மழைச் சத்தத்துல உங்க கையெழுத்த அவ ஜூன்லயே பாத்துட்டா. என்னைக் கூப்பிட்டுக் காமிச்சா. தெனமும் காலைல எழுந்ததும் அப்பா இன்னிக்கு எதைத் திருத்தியிருக்காருன்னுதான் மொதல்ல பாப்பா. அந்த ஒண்ண மட்டும் நீங்க தொட மாட்டீங்கன்னு தொறந்தே பாக்கல. உங்க மழையத்தான் ரெண்டாவது எபிசோட்ல போட்டுருக்கா.”

போனை வைத்துவிட்டு அந்த அறைக்குப் போனேன். எழும்பும் நேரத்தை மறுபடி பதினாலு விநாடியாக்கினேன். ஃபில்டரை இறக்கினேன். ஒரு கட்டையை அழுத்தி, முதல் தடவையாக, விரலை எடுக்காமல் வைத்திருந்தேன். ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். பத்துவரை ஒன்றுமில்லை. அதற்குமேல் எங்கோ அடியிலிருந்து வந்தது. நான் திருத்திய எருமைக் குரல்தான், அவளுடையது அல்ல. ஆனாலும் புரிந்துவிட்டது. அது காலி ஃபைல் இல்லை. காத்திருந்தால் மட்டும் கேட்கும்படி செய்திருக்கிறாள். நான் அன்று ஒரு கட்டையிலும் அரை விநாடிக்குமேல் விரலை வைக்கவில்லை.

சாயங்காலம்வரை ஆறு விதமாகச் செய்து பார்த்தேன். ஒன்றும் தேறவில்லை. உள்ளே என்ன இருந்தது என்றே தெரியாதவன் எதைத் திருப்பிச் செய்வது? எதையும் சேமிக்கவில்லை.

ஜூலை 16, புதன்

சான்பாடா போய்வந்தேன். எல்லாவற்றையும் எழுத வேண்டும்.

மாதுங்காவில் ஏறி, குர்லாவில் இறங்கி, சான்பாடா போகும் ஹார்பர் லைன் வண்டிக்காக முக்கால் மணி நேரம் நின்றேன். தண்டவாளத்தில் தண்ணீர். இரண்டு தடவை திரும்பிவிடலாம் என்று நினைத்தேன், மழையைக் காரணம் சொல்லலாமே என்று. கடைசியில் வந்த வண்டியில் ஏறிவிட்டேன்.

கதவைத் திறந்தது ஜாக்குலின். “நல்லா நனைஞ்சிட்டீங்களே அங்கிள், துண்டு தாரேன்” என்று உள்ளே போனவள், ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது என்று பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். ஷிஃப்ட் இருந்ததோ என்னவோ.

சாதனா மேஜையிலிருந்து எழுந்திருக்கவில்லை. கண் வீங்கியிருந்தது. இளைத்திருக்கிறாள்.

“ட்ரெயின் ஓடறதா?” என்றாள். ஆறு மாதத்தில் முதல் வார்த்தை.

“குர்லால நின்னுது.”

துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டேன். பிறகு நான் சொன்னேன்: “நான் அது காலி ஃபைல்னு நினைச்சேன்.”

“தெரியும். நீ டைப்ரைட்டர் மாதிரி தட்டியிருப்பே.” திரையைப் பார்த்தபடியே சொன்னாள். “எத்தனை சவுண்ட் இருக்கு அப்பா. அதுல போய் ஏன் கை வச்சே?”

“சத்தம் வரலையேன்னு.”

“மத்லப்... அதாவது, வராததுதான்பா அது.”

நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். என்னென்ன போட்டிருந்தாய், ஞாபகம் இருக்கிறவரைக்கும் சொல், உட்கார்ந்து செய்வோம், இந்தக் குமிழ்கள் எனக்கும் தெரியும் என்றேன். அதைக் கேட்டதும் வாயோரத்தில் ஏதோ அசைந்தது.

நாலு அடுக்கு இருந்ததாம். முதல் அடுக்கு ஃபிரிட்ஜின் மோட்டார், ஆக அடியில் ஒரு வழவழ அலை. இரண்டாவது ஹால் மின்விசிறி. மூன்றாவது, எப்போதாவது ஒரு தடவை, நேரம் சொல்லாமல் வரும் பேப்பர் மடிப்பு.

“நாலாவது?”

“உன் மூச்சு. பேசாம இருக்கறச்ச மூக்கால விடுவியே.”

மத்தியானம் மூன்று மணிவரை செய்தோம். எண்கள் எல்லாம் ஏறக்குறையச் சரியாகவே வந்தன. ஆனால் ஒவ்வொரு தடவையும் அவள் தலையை ஆட்டினாள். “இது வெறும் ரூம். இதுல யாரும் இல்லை.”

எனக்கும் அது தெரிந்தது. வெறும் ஃபிரிட்ஜ் வெறும் ஃபிரிட்ஜாகவே இருந்தது. அப்போது கேட்டேன்: “ஹால்ல பேசாம உக்காந்திருக்கறச்ச எனக்கு என்ன கேட்டுதுன்னு சொல்லட்டுமா?”

முதல் தடவையாக என் பக்கம் திரும்பினாள்.

“உன் ரூம் கதவு. திறக்கறதா, திறக்கறதான்னு அதையேதான் கேட்டுண்டிருப்பேன். உன் கதவுக் கீல் கொஞ்சம் அசைஞ்சாலும் எனக்குக் கேக்கும். பேப்பர்ல ஒரு வரி படிச்சதில்லை.”

சுவருக்கு அந்தப் பக்கம் அவள் என் மூச்சைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இந்தப் பக்கம் நான் அவள் கதவைக் கேட்டுக்கொண்டு. எத்தனை வருஷம்? ப்ளஸ் டூவிலிருந்தே இருக்கும்.

ஐந்தாவதாக ஓர் அடுக்கைத் திறந்தாள். மெல்லிய ஒரு கிறீச்சு. சுருதி மேலே ஏறத் தொடங்கி, திறக்கப் போகிறது என்று தோன்றும் இடத்தில் நின்றுவிடுகிறது. அதை மிகவும் தாழ்வாக வைத்தாள், காது கொடுத்தால்தான் கேட்கும் அளவுக்கு. எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டாள். இரண்டு பேருக்குமே தெரிந்தது, இதுதான்.

காட்சி நாற்பத்தெட்டு விநாடி. ஒரு கட்டையைக் காட்டி, “இதை நீ அழுத்து. நான் எடுன்னு சொல்ற வரைக்கும் விரலை எடுக்காதே” என்றாள்.

“நான் பேசினா இதுல விழுமா?”

“விழாதுப்பா. மைக்கே இல்லை. எல்லாம் உள்ளதான்.”

அழுத்தினேன். திரையில் அந்த மனிதர் கதவைப் பூட்டிவிட்டுச் செருப்பைக் கழற்றினார். பத்து விநாடிக்கு ஒன்றும் இல்லை. ஃபிரிட்ஜ் மெல்ல எழும்பத் தொடங்கியபோது நானும் தொடங்கினேன்.

“அன்னிக்கு சாப்பாட்டுல நான் சொன்னது தப்பு. நீ எனக்காகப் பண்ணினதை எல்லார் முன்னாலயும் சிரிப்பாக்கிட்டேன். எனக்குப் புரியலைன்னு சொல்ல வெக்கமா இருந்தது. இருபது பேர் பாத்துண்டிருந்தா. அதான் அப்படிச் சொன்னேன். வேலையை விட்டதெல்லாம் சும்மா. அதுக்கப்புறம் உன்கிட்ட பேச மூஞ்சி இல்லை எனக்கு. மன்னிச்சுக்கோம்மா.”

கீல் முனகி நின்றது. அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“விரலை எடுக்காதே” என்றாள்.

நான் எடுக்கவில்லை. திரையில் அந்த மனிதர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பேப்பர் ஒரு தடவை மடிந்தது. விரல் நுனி வலித்தது. “போறும், எடு” என்றாள் கடைசியில். துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“இன்னொரு தடவை எடுக்கணுமா?”

“வேண்டாம்பா. இது ஓகே.”

பிறகு டீ போட்டாள். என்னைவிட மோசமாகப் போடுகிறாள். இரண்டு கப் குடித்தேன்.

ஜூலை 17, வியாழன்

அனுப்பிவிட்டாள்.

ஜூலை 18, வெள்ளி

டைரக்டர் சரி சொல்லிவிட்டாராம். செய்தி ஷ்யாமளாவுக்கு வரவில்லை, எனக்கு வந்தது. ஷ்யாமளாவிடம் போனைக் காட்டினேன். படித்துவிட்டு, “ஏன், எனக்கு அனுப்ப மாட்டாளாமா?” என்று கோபித்துக்கொண்டாள். அவ்வளவு சந்தோஷமாக அவள் கோபித்துக்கொண்டு பார்த்ததில்லை.

சுப்ரமணியனிடம் மொட்டை மாடி சரியாகிவிடும் என்று உறுதி கொடுத்துவிட்டேன். எப்படி என்று தெரியாது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

காலை ஏழரைக்கு போன். “அப்பா, லோக்கல் பிரேக்ல நீ பண்ணின மாத்தம் டூ மச். எங்க காதுல குத்தறது.” நான் விட்டுக்கொடுக்கவில்லை. முப்பத்துநாலு வருஷம் அதில் போய்வந்தவன் நான். அரை மணி நேரம் சண்டை. தோசை ஆறிப்போயிற்று.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

சாதனா சாப்பாட்டுக்கு வந்தாள். கையில் லாப்டாப், ஒரு மைக்.

புதிதாக ஒரு வேலை கிடைத்திருக்கிறது. அதற்கு மனிதக் குரலிலிருந்து ஒரு வாத்தியம் செய்ய வேண்டுமாம். குரலில் ஒரு துளியை எடுத்து உள்ளே போட்டால் இந்த ஸிந்தஸைஸர் அதையே அலையாக்கி, எந்தச் சுருதியில் வேண்டுமானாலும் வாசிக்கும். கையேட்டில் நூற்று அறுபதாம் பக்கம், எனக்குத் தெரியும்.

“உன் குரல் வேணும்பா.”

“என்ன பேசணும்?”

“எதையாவது பேசு.”

மைக்கை என் முன்னால் வைத்தாள். சொசைட்டி நோட்டீஸில் ஆரம்பித்தேன், வேறு என்ன வரும் எனக்கு. பிறகு அவள் பிறந்த அன்றைக்கு வந்துவிட்டேன். தாதரில் பாலத்துக்குக் கீழே டாக்ஸி நின்றுபோனது, நான் இறங்கித் தள்ளியது, நர்ஸ் துணியில் சுற்றி என் கையில் கொடுத்தபோது எனக்குப் பிடிக்கத் தெரியாமல் பயந்துபோய் ஷ்யாமளாவின் கட்டிலில் திரும்ப வைத்தது. முதல் தடவை அவள் காய்ச்சலில் விழுந்தபோது ஆபீஸில் ஒரு ஃபைலும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தது. பேங்க் வேலை கிடைத்ததும் ஆபீஸ் முழுக்க லட்டு கொடுத்துவிட்டு, வீட்டில் அவளிடம் “ம்” என்று மட்டும் சொன்னது. ஷ்யாமளா சமையலறை வாசலில் வந்து நின்றாள். நான் பார்த்தேன், ஆனாலும் நிறுத்தவில்லை.

முடிந்தபோது பதினொரு நிமிடம் ஆகியிருந்தது.

“ரெண்டு செகண்ட் போறும்பா இதுக்கு” என்றாள் சாதனா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

“அப்போ மீதியை அழிச்சுடு.”

அவள் அழிக்கவில்லை. பதினொரு நிமிடத்தையும் அப்படியே சேமித்து வைத்துவிட்டு, “அம்மா, சாதம் ஆயாச்சா?” என்று கேட்டபடி உள்ளே போனாள்.